ரைட் ஆன் டைம்: லொலியாட்டா ஹாலோவேயை முழுதாகக் கேட்பது

கேட்கப்பட்ட கேள்வி இது: "1989-இல் வந்த 'ரைடு ஆன் டைம்' என்ற நடனப் பாட்டில் அடிவயிற்றிலிருந்து கூவும் பெண்குரல் யாருடையது? வீடியோவில் வாயசைக்கும் பெண் பாடவில்லை என்கிறார்கள். உண்மையில் பாடியவர் வேறு என்ன பாடியிருக்கிறார், எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?"

அந்தக் குரல் லொலியாட்டா ஹாலோவேயுடையது. 1946 நவம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்து, 2011 மார்ச் 21 அன்று மறைந்தவர். 1973 முதல் 1980 வரை ஆறு ஆல்பங்கள் வெளியிட்டவர். பாதி உலகம் அவர் குரலுக்கு ஆடியிருக்கிறது. அவர் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய பதிவுகளைத் தேடிக் கேட்டு வருகிறேன். அதனால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சொற்றொடரிலிருந்தே தொடங்குகிறேன். 'ரைடு ஆன் டைம்' பாட்டை உருவாக்கியது பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு. டிஜே டேனியல் டவோலி, மிர்கோ லிமோனி, வலேரியோ செம்ப்லிச்சி ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். 1980-இல் ஹாலோவே பாடிய 'லவ் சென்சேஷன்' என்ற பாட்டிலிருந்து அவர் குரலை மட்டும் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, புதிய பியானோவுக்கும் தாளத்துக்கும் மேல் ஒட்டினார்கள். ஹாலோவே பாடியது 'ரைட் ஆன் டைம்', அதாவது 'சரியான நேரத்தில்'. அது டவோலியின் காதில் 'ரைடு' என்று விழுந்தது. தலைப்பும் அப்படியே நின்றுவிட்டது.

இந்தப் பிழைக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 'ரைட் ஆன் டைம்' என்பது கறுப்பின மக்களின் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் ஒரு சொல்வழக்கின் பாதி. நீ அழைக்கும் நேரத்தில் கடவுள் வராமல் போகலாம், ஆனால் வரும்போது சரியான நேரத்தில் வந்து நிற்பார் என்பது முழு வழக்கு. ஹாலோவே இதைத் தாய்மொழியைப் போல அறிந்தவர். 1978-இல் வந்த 'குயின் ஆஃப் தி நைட்' ஆல்பத்தில் இந்த வழக்கையே காதலுக்கு மாற்றி, 'நீ விரும்பும்போது நான் வராமல் இருக்கலாம், ஆனால் சரியான நேரத்துக்கு வந்துவிடுவேன்' என்ற பொருளில் ஒரு பாட்டே பாடியிருக்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து 'லவ் சென்சேஷன்' பாட்டில் அதே சொற்களைக் கூவும்போது, ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்லும் தொனி அதில் வந்துவிடுகிறது. துண்டாக வெட்டிய இடத்தில் சொல்லும் மாறிப்போனது, சொல்லின் வேரும் அறுந்துபோனது. அந்த வேர் எங்கே இருந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால், அவர் பாடிய எல்லாப் பாடல்களும் வேறு மாதிரி ஒலிக்கும்.

சிறுமியாக இருந்தபோதே தாயின் 'ஹாலோவே கம்யூனிட்டி சிங்கர்ஸ்' என்ற காஸ்பல் குழுவில், அதாவது கறுப்பினத் தேவாலயங்களின் பக்தியிசைக் குழுவில், பாடினார். பிறகு 1967 முதல் 1971 வரை 'கேரவன்ஸ்' குழுவில் இருந்தார். காஸ்பல் இசையில் அது எவ்வளவு பெரிய இடம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐம்பதுகளில் ஆல்பர்ட்டினா வாக்கர் நடத்தத் தொடங்கிய அந்தக் குழுவிலிருந்துதான் ஷெர்லி சீசர், இனெஸ் ஆண்ட்ரூஸ் போன்றவர்கள் வந்தார்கள். மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தாலும் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். கேட்பவர் இருக்கையிலிருந்து எழ வேண்டும். அந்தக் குழுவில் பாடுவதற்கு அதுதான் அளவுகோல். டிஸ்கோ பாடகியர் பலர் இசைக்குழுவின் பளபளப்புக்கு மேல் மென்மையாக மிதந்து பாடிய காலத்தில், இவர் மட்டும் இசைக்குழுவையே பிடித்துத் தள்ளுவதுபோல் பாடியதற்குக் காரணம் இந்தப் பயிற்சி.

அவரை மதச்சார்பற்ற இசைக்கு அழைத்து வந்தவர் ஃபிளாய்ட் ஸ்மித். தயாரிப்பாளராகவும் மேலாளராகவும் வந்து பிறகு கணவராகவும் ஆனவர். இந்த ஸ்மித் யார் என்று தெரிந்தபோது நான் அசந்துபோனேன். 1939-இல் ஆண்டி கிர்க்கின் ஜாஸ் இசைக்குழுவோடு 'ஃபிளாய்ட்ஸ் கிட்டார் புளூஸ்' என்ற பதிவைச் செய்தவர் அவர்தான். மின்சார கிட்டாரை முன்னிறுத்திய தொடக்ககாலப் பதிவுகளில் அது ஒன்று. மின்கிட்டாரின் விடியலில் நின்ற மனிதர், முப்பது ஆண்டுகள் கழித்து டிஸ்கோவின் மிகப் பெரிய குரல்களில் ஒன்றை ஸ்டூடியோவுக்குள் அழைத்து வந்திருக்கிறார். 1971-இல் கர்டிஸ் மேஃபீல்டு எழுதி ஜீன் சாண்ட்லர் புகழ்பெறச் செய்த 'ரெயின்போ' பாட்டை இவர் 'ரெயின்போ 71' என்ற பெயரில் பாடினார். அந்தப் பதிவு பெரிதாகப் போகவில்லை என்றாலும் ஒரு வாசலைத் திறந்தது.

அடுத்து அட்லாண்டாவில் இருந்த 'அவேர்' நிறுவனத்தில் இரண்டு ஆல்பங்கள்: 1973-இல் 'லொலியாட்டா', 1975-இல் 'க்ரை டு மீ'. என்னைக் கேட்டால் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன். நடனப் பாட்டைத் தேடி வந்தவரை மெதுவான பாட்டில் உட்கார வைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். 'க்ரை டு மீ' என்ற ஒரே பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்தப் பாட்டில் தாளம் மெதுவாக நகர்கிறது. வரிகளுக்கு நடுவே மௌனம் விரிகிறது. முதல் சரணத்தில் குரல் ஏறக்குறையப் பேச்சளவில்தான் இருக்கும். பிறகு ஒரு சொல்லில், ஒரே ஒரு அசையில், தொண்டையில் மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு வந்து உடனே மறையும். முதல் தடவை கேட்பவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார். ஆனால் உடல் கவனித்துவிடும். அடுத்த சுற்றில் அதே கரகரப்பு இரண்டு சொற்களுக்கு நீளும். கடைசியில் குரல் முழுதாகத் திறக்கும்போது, அது எங்கோ வெளியிலிருந்து வந்த சத்தமாகத் தெரியாது; இவ்வளவு நேரம் உள்ளே அடக்கி வைத்திருந்தது வெளியே வருகிறது என்று தெரியும். 1975-இல் அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ஆர் அண்டு பி (கறுப்பின மக்களின் வெகுஜன இசை) பட்டியலில் இது 10-ஆம் இடத்தைப் பிடித்தது. பொதுப் பட்டியலில் 68-ஐத் தாண்டவில்லை.

அதே ஆல்பத்தில் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. சாம் டீஸ் எழுதியது. அதில் ஹாலோவே நீண்ட நேரம் பேசுகிறார். பாட்டுக்குள் பேசுவது, காஸ்பலின் சாயலில் காதலைப் பாடும் சோல் இசையின் அக்காலப் பாடகர்கள் பலரும் கையாண்ட முறைதான். பலரிடம் அது ஒப்பித்ததுபோல் இருக்கும். இவரிடம் பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது. விருத்தத்திலிருந்து நழுவிக் கீர்த்தனைக்குள் போய்விடும் நல்ல பாடகரைக் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் புரியும். பிரசங்கம் மெல்ல மெல்லப் பாட்டாக மாறும் தேவாலய மரபுதான் இவருக்கு இதைக் கொடுத்தது.

அந்த நிறுவனம் சீக்கிரமே நொடித்துப்போனது. அட்லாண்டா பதிவுகள் பல ஆண்டுகள் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம். 'லொலியாட்டா ஹாலோவே என்றால் டிஸ்கோ' என்று வரலாறு சுருங்கிப்போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முதல் பாதி கடையில் இல்லாவிட்டால், இரண்டாம் பாதிதானே முழு மனிதர் ஆகிவிடும்?

1976-இல் ஃபிலடெல்ஃபியாவின் நார்மன் ஹாரிஸ் இவரை அழைத்தார். கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர். ரான் பேக்கர், எர்ல் யங் ஆகியோருடன் சேர்ந்து ஃபிலடெல்ஃபியா சோல் இசையின் முதுகெலும்பாக இருந்தவர். டிஸ்கோ என்றதும் நம் காதில் கேட்கும் அந்தத் தாளம், பெரிய டிரம் நான்கு எண்ணிக்கையிலும் விழ, அதற்கிடையே ஹை-ஹாட் தகடு திறந்து மூடும் அந்த 'ட்சி' ஓசை, அது எர்ல் யங்கின் கைவண்ணம். சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவில் மற்றவர்களுக்காக வாசித்துக்கொண்டிருந்த இந்தக் கலைஞர்களில் பலர் கூலிப் பிரச்சினையில் மனம் கசந்து, நியூயார்க்கின் கேயர் சகோதரர்கள் நடத்திய 'சால்சோல்' நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சால்சோலின் கிளையாக ஹாரிஸ் தொடங்கியதுதான் 'கோல்டு மைண்டு'. ஹாலோவேயின் அடுத்த நான்கு ஆல்பங்களும் அதில் வந்தன.

தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோல்டு மைண்டில் வந்த முதல் ஆல்பத்தின் பெயரும் 'லொலியாட்டா'தான். 1979-இல் வந்ததன் பெயர் 'லொலியாட்டா ஹாலோவே'. பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் மாறிப்போகும். ஆண்டையும் நிறுவனத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

1976-இன் 'லொலியாட்டா' எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ஒரே தட்டில் இரண்டு பாடகிகள் இருப்பதுபோல் தோன்றும். சாம் டீஸின் 'வோர்ன் அவுட் புரோக்கன் ஹார்ட்' முழுக்க முழுக்கத் தெற்கத்திய சோல். 'தேய்ந்துபோன உடைந்த இதயம்' என்று தலைப்பே சொல்கிறது; ஆனால் இவர் அதைப் புலம்பலாகப் பாடாமல், கணக்கு வழக்கைத் தீர்க்க வந்தவர்போல் நிதானமாகப் பாடுகிறார். ஆர் அண்டு பி பட்டியலில் அது 25-ஆம் இடம் வரை போனது. அதே தட்டில்தான் 'ட்ரீமின்', 'ஹிட் அண்ட் ரன்' என்ற நடனப் பாடல்களும் இருக்கின்றன.

'ஹிட் அண்ட் ரன்' பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போய்விடும் வண்டியைப் போல் காதலித்துவிட்டு ஓடிவிடாதே என்று எச்சரிக்கும் பாட்டு இது. 1977-இல் சால்சோல் நிறுவனம் இதன் மூல ஒலிநாடாக்களை வால்டர் கிப்பன்ஸ் என்ற இளம் டிஜேயிடம் கொடுத்தது. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு குரலும் தனித்தனித் தடங்களில் இருக்கும் நாடாக்கள் அவை. அதற்கு முன்பு டிஜேக்களுக்குக் கிடைத்தது முடிந்துபோன கலவை மட்டுமே; அதை வெட்டலாம், ஒட்டலாம், நீட்டலாம். உள்ளே கைவைக்க முடியாது. கிப்பன்ஸ் உள்ளே கைவைத்தார். பாட்டின் முன்பகுதியில் இருந்த பாடல் வரிகளைத் தைரியமாகக் குறைத்தார். கடைசியில் ஹாலோவே மனம்போன போக்கில் பாடியிருந்த பகுதிகளை எடுத்து விரித்தார். பதினொரு நிமிடப் பாட்டாக அது வெளியே வந்தது.

இதைச் சாத்தியமாக்கியது பன்னிரண்டு அங்குல சிங்கிள் தட்டு. அதற்கு முந்தைய ஆண்டில் 'டபுள் எக்ஸ்போஷர்' குழுவின் 'டென் பர்சென்ட்' பாட்டைக் கடைகளில் விற்பனைக்குக் கொண்டுவந்து இந்த வடிவத்தைத் தொடங்கி வைத்ததும் சால்சோல்தான். அதைக் கலந்தவரும் இதே கிப்பன்ஸ்தான். ஏழு அங்குலத் தட்டில் பாட்டு நீண்டால் பள்ளங்கள் நெருக்கமாகிவிடும், அடித்தளத்து ஒலி மெலியும். பாஸ் ஓசைக்கு ஊசி அகலமாக ஆட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். அகலமான தட்டில் நீளமும் கிடைத்தது, கனமும் கிடைத்தது. ஹாலோவேயைப் போன்ற ஒரு பாடகிக்கு அந்த நீளம் ஒரு வரம். மூன்று நிமிடப் பாட்டில் இவர் சூடேறும்போதே முடிந்துவிடும்.

கிப்பன்ஸ் கலவையின் பின்பாதியை இயர்ஃபோனில் கேளுங்கள். ஒரே சொற்றொடரை எடுத்துக்கொண்டு, முதலில் கேட்கிறார், பிறகு மிரட்டுகிறார், பிறகு சிரிக்கிறார், பிறகு சொல்லே இல்லாமல் வெறும் மூச்சையும் முனகலையும் தாளத்தோடு மோதவிடுகிறார். நம் கச்சேரியில் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வார்களே, அந்த வேலைதான் இது. எந்த இடத்தில் வரியை வைத்தாலும் தாளத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். ஒரு கட்டத்தில் இசைக்கருவிகள் விலகி, டிரம்மும் அவரும் மட்டும் மிஞ்சுகிறார்கள். நான் முதன்முதலாக இதைக் கேட்டது பெயர் எதுவும் அச்சிடாத ஒரு கலவை கேசட்டில். பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போனது தெரியவில்லை. அந்தக் குரலுக்கு ஒரு பெயர் கிடைக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

அதே 1977-இல் சால்சோல் ஆர்கெஸ்ட்ராவோடு பாடிய 'ரன்அவே' இன்னொரு முகம். வின்ஸ் மோண்டானாவின் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) மழைத்துளிபோல் தெறிக்க, இவர் அதில் முழு பலத்தையும் காட்டாமல் லேசாகப் பாடுகிறார். கத்த மட்டும் தெரிந்தவர் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான். 1978-இல் பன்னி சிக்லரோடு இணைந்து பாடிய 'ஒன்லி யூ' ஆர் அண்டு பி பட்டியலில் 11-ஆம் இடத்துக்குப் போனது.

1979 ஜூலை 12 அன்று, அவர் பிறந்த சிகாகோவிலேயே, கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைகழுவத் தொடங்கின. அவருடைய ஆகச்சிறந்த நடனப் பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. பாடகரும் தயாரிப்பாளருமான டேன் ஹார்ட்மனின் 'ரீலைட் மை ஃபயர்' பாட்டில் நடுவே நுழைந்து அந்தப் பாட்டையே தனதாக்கிக்கொண்டார் ஹாலோவே. அதைக் கண்டு வியந்த ஹார்ட்மன் அவருக்காகவே எழுதித் தயாரித்ததுதான் 1980-இன் 'லவ் சென்சேஷன்'. கலந்தவர் டாம் மோல்டன். ஹார்ட்மன் ஏறக்குறைய முப்பது முறை திரும்பத் திரும்பப் பாடவைத்தார் என்றும், தொண்டை கட்டிப்போய் காப்பியில் விக்ஸைப் போட்டுக் குடித்துவிட்டுப் பாடினேன் என்றும் ஹாலோவே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், விக்ஸ் உள்ளே போகக் கூடாத மருந்து. ஆனால் அந்தப் பதிவில் குரலின் விளிம்பு கிழிந்து நிற்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காப்பிக் கோப்பை நினைவுக்கு வருகிறது.

அமெரிக்க நடனப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் போன்ற நடன விடுதிகளில் அது வழிபாட்டுப் பாட்டைப் போல ஆனது. பொதுப் பட்டியலின் நூறு இடங்களில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே குரலின் துண்டுகள் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தன. 1989-இல் அங்கே அதிகம் விற்ற சிங்கிள் 'ரைடு ஆன் டைம்'தான். மேடையிலும் வீடியோவிலும் கேத்ரின் குவினோல் என்ற மாடல் வாயசைத்தார். ஹாலோவேயின் பெயர் எங்கும் இல்லை. வழக்கறிஞர் மூலம் போராடி, வெளியிடப்படாத ஒரு தொகைக்கு உடன்பாடு கண்டார். சட்டச் சிக்கல் வந்தபின் ஹெதர் ஸ்மால் என்ற இன்னொரு பாடகியை வைத்து அந்தப் பகுதிகளை மறுபடி பாடவைத்த பதிப்பும் உண்டு. இன்று நீங்கள் கேட்பது அதுவாகவும் இருக்கலாம். மாடல்மீது எனக்குக் கோபமில்லை. பாடியவர் பெயரைத் தட்டில் அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

1991-இல் ராப் பாடகர் மார்க்கி மார்க் 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டில் அதே 'லவ் சென்சேஷன்' குரலைப் பயன்படுத்தியபோது, ஹாலோவேயின் பெயர் உறையில் இருந்தது. வீடியோவிலும் அவர் தோன்றினார். அமெரிக்கப் பொதுப் பட்டியலில் அது முதலிடத்துக்குப் போனது. எழுபதுகளில் 68-ஐத் தாண்டாத பெயர், ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு 1998-இல் 'ஃபயர் ஐலண்டு' குழுவோடு பாடிய 'ஷௌட் டு தி டாப்' போன்றவற்றில் நேரடியாகவே பாடினார். ஐம்பது வயதைத் தாண்டிய குரல். கனம் குறையவில்லை.

எப்படிக் கேட்பது என்ற கேள்விக்கு என் பதில்: முதல் நாள் 'க்ரை டு மீ' மட்டும். இரண்டாவதாக 1976-இன் 'லொலியாட்டா' முழு ஆல்பம், பாடல்களைத் தாண்டாமல். அடுத்து 'ஹிட் அண்ட் ரன்' கிப்பன்ஸ் கலவை, அதன்பின் 'ரன்அவே'. 1979 ஆல்பத்தில் 'தி கிரேட்டஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆஃப் மை லைஃப்' ஒன்று போதும் என்பது என் கருத்து; மற்றவற்றுக்குப் பிறகு வரலாம். 'லவ் சென்சேஷன்' ஆல்பத்தில் ஓட்டிஸ் ரெடிங் பாடிய 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டை இவர் எப்படிப் பாடுகிறார் என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். 2010-களில் பிரிட்டன் நிறுவனங்கள் கோல்டு மைண்டு ஆல்பங்களைக் குறுந்தகடாகக் கவனத்தோடு மறுபதிப்புச் செய்திருக்கின்றன. பன்னிரண்டு அங்குலக் கலவைகளும் அவற்றில் கூடுதலாக உண்டு. பழைய தட்டைத்தான் வாங்க வேண்டும் என்ற அவசியமில்லை.

கடைசியாக 'லவ் சென்சேஷன்' பாட்டைத் தொடக்கத்திலிருந்து போடுங்கள். நீங்கள் தேடி வந்த அந்தக் கூவல் உடனே வராது. முதலில் சாதாரணமாகப் பாடுவார். காத்திருங்கள்.